முப்பத்தோரு தாள்களில் ஒன்று

"நாப்பத்தாறு பக்கத்துல ஜெயிச்ச வழக்கு, ரெண்டே வரியில எப்படி அம்மிணி தோத்துச்சு?"

மூன்று வாரமாக வக்கீல் பூபதி என்னிடம் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். கையில் தீர்ப்பின் நகல். திரும்பத் திரும்பப் படிக்க அதில் ஒன்றுமில்லை. 'கீழமை நீதிமன்றத்தின் தீர்ப்பு மாற்றப்படுகிறது. மேல்முறையீடு அனுமதிக்கப்படுகிறது.' கீழே மாவட்ட நீதிபதியின் கையெழுத்து, முத்திரை, தேதி.

"எனக்குத் தெரியாது சார். பெட்டிக்குத்தான் தெரியும்."

"அப்பப் பெட்டிகிட்ட கேளு."

"அதுக்குச் சொல்லத் தெரியாது."

என் பெயர் ஹாஜிரா. மாவட்ட நீதிமன்றத்தின் பின்கட்டில், முன்பு ஆவண அறையாக இருந்த இடத்தில், பொறியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அரசாணையில் அதற்குத் தீர்வுப் பொறி என்று பெயர். வராந்தாவில் எல்லோருக்கும் அது பெட்டி. சொத்து வழக்குகளின் முதல் மேல்முறையீடு முழுவதும் நான்கு வருடமாக அதன் வழியாகத்தான் போகிறது. கீழ்க்கோர்ட்டின் தீர்ப்பு, சாட்சிகள் சொன்னது, இரு தரப்பும் தாக்கல் செய்த தாள்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டு, அந்தத் தீர்ப்பு நிற்குமா மாறுமா என்று பதினொரு நிமிடத்தில் சொல்லிவிடும். நீதிபதி கையெழுத்துப் போடுவார். பதினெட்டு வருடம் தேங்கிக் கிடந்த வழக்குகள் இரண்டு வருடத்தில் தீர்ந்தன. ஓய்வுபெற்ற நீதிபதிகளை உட்காரவைத்து ஒப்பிட்டும் பார்த்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வழக்கில் அவர்கள் சொன்னதையே பெட்டியும் சொன்னது.

காரணம் மட்டும் சொல்லாது.

முதல் வருடம் அதையும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, நல்ல தமிழில், பத்தி பத்தியாக. அந்தக் காரணங்களுக்கும் முடிவுக்கும் சம்பந்தமே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. கணக்குப் பரீட்சையில் விடையை மட்டும் பக்கத்துத் தாளில் பார்த்து எழுதிவிட்டு, அதற்குப் பொருத்தமாக வழிமுறையை மேலே நிரப்புவோம் அல்லவா, அந்த மாதிரி. பெட்டி முதலில் முடிவுக்கு வந்துவிடும். காரணத்தை அப்புறம் தனியாக ஜோடிக்கும். பொய்க் காரணம் சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பது நேர்மை என்று அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய கேள்வியையும், அதன் முடிவையும், முடிவுக்கான காரணத்தையும் எழுத வேண்டும் என்று பழைய சட்டத்தில் இருந்தது. திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு மட்டும் இருந்தன. நாளடைவில் முதலாவதும் போயிற்று.

வெளியே பெஞ்சில் சுகந்தி அக்கா உட்கார்ந்திருந்தார். காங்கேயம் பக்கத்துக் கிராமம், அரிசி ஆலையில் வேலை. பூபதியின் கட்சிக்காரர். அவருடைய கணவர் கல்யாணமான புதிதில் மனை வாங்கி, மூன்று அறை வீடு கட்டினார். கிரயப் பத்திரம் கணவர் பெயரில். அவர் இறந்து பதின்மூன்று வருடம் கழித்து, அவருடைய அண்ணன் தங்கமுத்து வழக்குப் போட்டார். மனை கூட்டுக் குடும்பப் பணத்தில் வாங்கியது, தம்பி பெயர் சும்மா ஒப்புக்கு, வீடு தனக்கு வர வேண்டும் என்று. அதற்கு ஒரு ஆதாரமும் இல்லை என்று கீழ்க்கோர்ட் நாற்பத்தாறு பக்கம் எழுதித் தள்ளுபடி செய்தது. தங்கமுத்து மேல்முறையீடு செய்தார். இரண்டு வரியில் வீடு கைமாறியது. திங்கட்கிழமை காலை கோர்ட் ஊழியரான அமீனா போலீஸோடு வந்து காலி செய்ய வைப்பார். இன்று புதன்.

"ஹைகோர்ட்டுக்குப் போக முடியாதுங்களா?" என்று அக்கா கதவருகே வந்து கேட்டார். இதையும் அவர் பலமுறை கேட்டிருப்பார் என்பது பூபதி முகத்தில் தெரிந்தது. ஆனாலும் பொறுமையாகச் சொன்னார்.

"அங்க சட்டத்துல தப்புன்னாத்தான் கேப்பாங்கம்மா. வீடு யாரோடதுங்கற விசயம் இந்தக் கோர்ட்டோட முடிஞ்சுது. இங்கயே மறுசீராய்வு மனு போடலாம். ஆனா தீர்ப்புல எது தப்புன்னு அதுல எழுதோணும். அவங்க என்ன நெனச்சு மாத்துனாங்கன்னே தெரியாம, நான் எதத் தப்புன்னு எழுதட்டும்?"

"பத்திரம் இருக்குதுங்களே."

"பத்திரத்தையும் பாத்துட்டுத்தான் மாத்திருக்குது."

அக்கா பெட்டியைப் பார்த்தார். "இத்தன பேரு குடியிருக்கற வீட்டப் பத்திச் சொல்லுது. ஒரு வார்த்த ஏன்னு கேட்டா வாயத் தொறக்காதுங்களா," என்றார்.

தோற்றவருக்கு ஒரு சலுகை உண்டு. ஆய்வு ஓட்டம் என்று பெயர். தன் தரப்புத் தாள்களில் சிலவற்றை நீக்கிவிட்டு, அவை இல்லாதிருந்தால் முடிவு என்னவாகியிருக்கும் என்று பெட்டியிடம் ஏழு முறை கேட்கலாம். அதன் பதில் தீர்ப்பாகாது, வெறும் தகவல். கோர்ட்டில் குறியீடு போட்டுச் சேர்த்த தாளைத் திரும்ப எடுக்கவும் முடியாது. அதனால் வக்கீல்கள் அதைப் பெரிதாக மதிப்பதில்லை. ஒரு சடங்காக ஒன்றிரண்டு தாளை எடுத்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பூபதியும் அப்படி இரண்டு ஓட்டத்தைச் செலவழித்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு தாள். இரண்டிலும் மாற்றமில்லை.

"மொத்தம் எத்தனை தாள் சார் நம்ம பக்கம்?"

"முப்பத்தி நாலு."

"பத்திரம் இருந்தே ஆகணும். அது போனா கேஸே இல்ல. நீங்க எடுத்துப் பார்த்த ரெண்டும் கழிஞ்சுது. மிச்சம் முப்பத்தொண்ணு. ஓட்டம் அஞ்சு."

"அதான் சொல்றேன். முப்பத்தொண்ணுல அஞ்சத்தான் பாக்க முடியும்."

"ஒண்ணொண்ணா எடுத்தா அஞ்சுதான். பாதியா எடுத்தா?"

அவருக்குப் புரியவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் வரை எனக்கும் தோன்றியிருக்கவில்லை. மூன்று வாரமாக ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டு, வாய் சொல்லிவிட்டது, மூளை பின்னால் வந்தது.

நகல்களை வாங்கி மேசை மேல் பரப்பினேன். "சார், பாருங்க. இந்த முப்பத்தொண்ணுல ஏதோ ஒரு தாள்தான் பெட்டியத் திருப்பிருக்குன்னு வெச்சுக்குவோம். பதினாறை ஒண்ணா எடுத்துட்டு ஓட்டுவோம். முடிவு மாறினா, அந்தத் தாள் பதினாறுக்குள்ள இருக்கு. மாறலைன்னா மிச்சப் பதினஞ்சுல இருக்கு. எப்படியும் பாதி கழியும். அடுத்தது எட்டு. அப்புறம் நாலு. ரெண்டு. ஒண்ணு. அஞ்சே ஓட்டம்."

பூபதி விரல் விட்டு எண்ணினார். இரண்டாவது தடவையும் எண்ணினார்.

"நம்ம காயிதமே நமக்கு எதிரா நிக்குதுன்னா சொல்ற?"

"தெரியாது சார். எதிர்த்தரப்புத் தாளை நம்ம தொட முடியாது. நம்மளோடதுல இருந்தா கண்டுபிடிக்கலாம். அதுலயும் ஒண்ணே ஒண்ணா இருந்தாத்தான். ரெண்டு மூணு சேர்ந்து திருப்பியிருந்தா இந்த வழி சிக்கிக்கும்."

"இதுல எதுவுமே இல்லைன்னா?"

"அஞ்சும் போயிரும்."

அவர் சுகந்தி அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. உங்க வீடு."

"சும்மா வெச்சிருந்தா மட்டும் திங்கக்கெழம உதவவா போகுது," என்றார் அக்கா. "ஓட்டச் சொல்லுங்க."

பதினாறு தாளை நீக்கி முதல் ஓட்டம். பதினொரு நிமிடம். திரையில் வந்தது: 'மாற்றப்படுகிறது.' பழைய முடிவேதான்.

"அப்ப அந்தப் பதினஞ்சுல," என்றேன். குரலில் இருந்த உறுதி எனக்குள் இல்லை. இந்தப் பதில், முப்பத்தொன்றிலும் எதுவுமே இல்லை என்பதற்கும் பொருந்தும்.

பதினாறையும் திரும்பச் சேர்த்துவிட்டு, மிச்சப் பதினைந்தில் எட்டை நீக்கினேன். வீட்டு வரி ரசீதுகள் நான்கு, கொத்தனாருக்குக் கொடுத்த கணக்குச் சீட்டு, ரேஷன் கார்டு நகல், மின் கட்டண அட்டை, அச்சடித்த அட்டை ஒன்று. பதினொரு நிமிடம்.

'உறுதி செய்யப்படுகிறது.'

பூபதி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அந்த எட்டும் இல்லாவிட்டால் வீடு அக்காவுக்கே. அந்த எட்டில் ஒன்றுதான் வீட்டைக் கொண்டுபோயிருக்கிறது. எட்டையும் தாக்கல் செய்தவர் அவர்தான் என்பது ஒரு நொடி கழித்து அவருக்கு உறைத்தது. மெதுவாக உட்கார்ந்தார்.

வரி ரசீதுகள் நான்கையும் நீக்கினோம். மாற்றமில்லை. அப்போதும் தோல்விதான், ஆக அவை மேல் பழி இல்லை. மிச்ச நான்கில் கொத்தனார் சீட்டும் ரேஷன் கார்டும் இருக்க, மற்ற இரண்டை நீக்கினோம். முடிவு மாறியது, வீடு அக்காவுக்கு. ஆக, மின் கட்டண அட்டை அல்லது அந்த அச்சடித்த அட்டை. கடைசி ஓட்டம் மிச்சம்.

"கரண்டு அட்டைதான்," என்றார் பூபதி. "வீடு கட்டறப்ப இந்தம்மா மாமனார் பேருல வாங்குன இணைப்பு, அவரு செத்தும் அப்படியே கெடக்குது. ஊருல எவன் பேர் மாத்துறான்? பூர்வீகச் சொத்துன்னு நெனச்சிருக்கும். அத எடு."

எடுத்தேன். பதினொரு நிமிடம் கழித்து, 'மாற்றப்படுகிறது.'

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "போச்சு. அஞ்சும் போச்சு."

"போகல சார். கிடைச்சிருச்சு. கரண்டு அட்டை இல்லாமயும் தோக்குறோம். ரெண்டும் இல்லைன்னா ஜெயிக்கிறோம். அப்ப திருப்பினது இன்னொண்ணுதான்."

அது ஒரு கல்யாணப் பத்திரிகை. அக்காவின் மகள் நிலானியின் கல்யாணத்துக்கு அடித்தது. மஞ்சள் நிற அட்டை. 'என் தம்பி மகள் திருவளர்செல்வி நிலானியின் திருமண விழா எமது தங்கமுத்து இல்லத்தில் நடைபெற இருப்பதால்...' முடிவில், தங்கள் வரவை எதிர்நோக்கும் கா. தங்கமுத்து. சுகந்தி என்ற பெயர் அட்டையில் எங்கும் இல்லை. வீட்டு முகவரி மட்டும் அவருடையது.

"நீங்க அந்த வீட்டுலதான் குடியிருந்தீங்கன்னு காட்டறதுக்குப் போட்டேன்," என்றார் பூபதி. அவர் யாரையும் பார்க்கவில்லை. "இருக்கற காயிதத்த எல்லாம் போட்டுருவோம், எதாவது ஒண்ணு ஒதவும்னு. இருவத்தஞ்சு வருசப் பழக்கம்."

அக்கா பத்திரிகையைக் கையில் வாங்கினார். "அப்பன் இல்லாத புள்ளைக்கு யாருங்க பத்திரிக வெக்கறது? என் பேருல அடிச்சா மாப்ள வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க. பெரியவரு கால்ல விழாத கொறையாப் போயி நின்னேன். தன் பேருல அடிக்கறதுன்னா வீட்டுக்கும் தன் பேரே இருக்கட்டும், அதான் மொறைன்னாரு. கல்யாணம் நடந்தாப் போதும்னு இருந்துச்சு. சரின்னேன்." அட்டையை மடிக்காமல் மேசையில் வைத்தார். "தாலி கட்டறப்ப நானு சமையக்கட்டுல நின்னேனுங்க. மேளச் சத்தத்த வெச்சுத்தான் கட்டியாச்சுன்னு தெரிஞ்சுது."

"இதுக்கா?" என்றார் பூபதி என்னிடம். "பெட்டிக்குக் கிறுக்கா?"

"கிறுக்கில்ல சார். அது படிச்சது மூணு லட்சம் பழைய தீர்ப்பு. இது அண்ணன் வீடுதான்னு பிரதிவாதி தன் கையாலயே அச்சடிச்சுக் கொடுத்திருந்தா, பழைய ஜட்ஜுங்களும் அப்படித்தான் முடிவு பண்ணுவாங்க. அது அங்க கத்துக்கிட்டது. கல்யாணப் பத்திரிகைன்னா வேறன்னு அதுக்கு யாரும் எடுத்துச் சொல்லல. அது இதத்தான் பிடிச்சுக்கிட்டிருக்குன்னு தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு."

வெள்ளிக்கிழமை காலை மறுசீராய்வு மனு, அந்த இரண்டு வரியில் கையெழுத்திட்ட மாவட்ட நீதிபதி அனுசூயாவின் முன் வந்தது. அவர் ஒரு நாளைக்கு நாற்பது முடிவுகளில் கையெழுத்திடுபவர். ஓட்டப் பதிவேட்டோடு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

தங்கமுத்துவின் வக்கீல் இளைஞர், நன்றாகப் பேசினார். ஆய்வு ஓட்டம் தீர்ப்பின் பகுதி அல்ல என்றார். தீர்ப்பில் காரணமே சொல்லாதபோது, இல்லாத காரணத்தில் பிழை இருப்பதாக எப்படி மனுப் போட முடியும் என்றார். பொறியிடம் காரணம் கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்று முடித்தார்.

அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி.

பூபதி எழுந்தார். "பெட்டிகிட்ட நான் கேக்கலைங்கம்மா. கீழ கையெழுத்துப் போட்டிருக்கற உங்ககிட்டத்தான் கேக்கறேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை.

"கீழ்க்கோர்ட்டு ஜட்ஜு நாப்பத்தாறு பக்கம் எழுதியிருக்காரு. அதுல எந்த வரி தப்புன்னு சொல்லுங்க, நாங்க எந்திரிச்சுப் போயிடறோம். சொல்லலைன்னா, திங்கக்கெழம இந்தம்மா எதுக்கு வீட்ட விட்டு வெளிய வர்றோம்னே தெரியாம வருவாங்க."

நீதிபதி பத்திரிகையை எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு என்னிடம், "இந்த ஒரு தாளை மட்டும் எடுத்துட்டு ஓட்ட முடியுமா?" என்றார்.

"நீங்க உத்தரவு போட்டா எத்தனை தடவை வேணும்னாலும் ஓட்டலாம் மேடம். ஏழுங்கறது கட்சிக்காரங்களுக்குத்தான்."

"எனக்குக் கணக்கு இல்லையா?"

"இல்ல மேடம்."

"யாரும் சொல்லலையே."

நாலு வருடத்தில் யாரும் கேட்கவும் இல்லை. ஓட்டினேன். 'உறுதி செய்யப்படுகிறது.'

நீதிபதி தங்கமுத்துவைக் கூண்டுக்கு வரச் சொன்னார். வெள்ளைச் சட்டை, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இந்தப் பத்திரிகை உங்க பேர்ல அடிச்சதா?"

"ஆமாங்க."

"பொண்ணோட அம்மா பேரு ஏன் இல்ல?"

அவர் தன் வக்கீலைப் பார்த்தார். கேள்வியே அவருக்கு விநோதமாகப் பட்டிருக்க வேண்டும். "அதெப்படீங்க போடறது? பொட்டழிச்ச பொம்பள பேருல கூப்புட்டா, யாருங்க கல்யாணத்துக்கு வருவாங்க? பெரியவன் பேருல போடறதுதானுங்க மொறை."

"வீட்டுப் பேரும் அந்த முறைதானா?"

"எல்லாம் ஒண்ணுதானுங்க. பத்திரிகன்னா அப்படித்தான் அடிக்கறது."

அவருடைய வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

நீதிபதி மேசை இழுப்பறையில் தேடி, வெள்ளைத் தாளை எடுத்துக் கையால் எழுத ஆரம்பித்தார். முதல் வரியை இரண்டு தடவை அடித்து எழுதினார். பழக்கம் விட்டுப்போனவர்கள் சைக்கிள் ஓட்டுகிற மாதிரி இருந்தது. நாற்பது நிமிடம் ஆயிற்று. பிறகு வாசித்தார்.

"தீர்மானிக்க வேண்டிய கேள்வி: திருமண அழைப்பிதழில் வீடு வாதியின் பெயரால் குறிக்கப்பட்டிருப்பது, வீடு அவருடையது என்று பிரதிவாதி ஒப்புக்கொண்டதாகுமா? முடிவு: ஆகாது. காரணம்: கணவரை இழந்தவரின் பெயரில் திருமணத்துக்கு அழைப்பதில்லை என்பதும், மூத்தவர் பெயரில் அச்சிடுவது வழக்கம் என்பதும் வாதியே சொன்னவை. பெண்ணை ஒதுக்கி வைக்கும் ஒரு வழக்கத்துக்கு அவர் அடங்கிப்போனதை, சொத்தை விட்டுக்கொடுத்ததாகக் கொள்ள முடியாது. இந்தத் தாளைத் தவிர, கீழமை நீதிமன்றத்தின் தீர்ப்பை மாற்ற வேறு எதுவும் காட்டப்படவில்லை. அது நிற்கிறது. அமீனா உத்தரவு ரத்து செய்யப்படுகிறது."

சுகந்தி அக்கா வாசித்ததை முழுக்கக் கேட்டார். தான் அடங்கிப்போனதைச் சொல்லும் வரியில் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

"இதை எதிர்த்து நாங்க மேல போவோம் சார்," என்றார் வெளியே அந்த இளைஞர்.

"தாராளமாப் போங்க தம்பி," என்றார் பூபதி. "எங்க தப்புன்னு சொல்லிட்டுப் போறதுக்கு இப்ப உங்களுக்கும் ஒரு வரி இருக்குது."

பிற்பகல் நீதிபதி என்னை அறைக்கு அழைத்தார். நான்கு வருடத்தில் இந்தக் கோர்ட்டில் கீழ்க்கோர்ட் தீர்ப்பை மாற்றிய முடிவுகள் எத்தனை என்று கேட்டார். பார்த்துச் சொன்னேன். ஆயிரத்து நூற்று நாற்பது.

"எல்லாத்துலயும் என் கையெழுத்து இல்ல," என்றார். பிறகு, "என்னோடது முன்னூறுக்கு மேல இருக்கும்," என்றார்.

"திரும்ப ஓட்டிப் பாக்கலாம் மேடம். ஆனா அந்த வீடுகள்ல இப்ப வேற ஆளுங்க இருப்பாங்க. சிலது வித்தும் போயிருக்கும்."

நீதிபதி பேனா மூடியைத் திருகித் திறந்து, திருகி மூடினார். பிறகு ஒரு தாளில் எழுதி, கையெழுத்திட்டு, என் பக்கம் நகர்த்தினார். இப்படிச் செய்தால் ஒரு நாளைக்கு நாற்பது வழக்கு முடியாது, ஆறு முடிந்தால் பெரிது என்று சொன்னேன். ஆறு முடிந்தால் ஆறு என்றார். தாளில் இருந்தது இது:

'இனி பொறியின் முடிவை மட்டும் என் மேசைக்கு அனுப்ப வேண்டாம். முடிவு வந்ததும், இரு தரப்புத் தாள்களையும் பாதிப் பாதியாக நீக்கி, முடிவைத் திருப்பும் தாள் எது என்று கண்டுபிடிக்கவும். அந்தத் தாளை மேலே வைத்து அனுப்பவும். அதைப் பற்றி இரு தரப்பையும் கேட்டபின், காரணத்தை நான் எழுதுவேன். ஒரே தாள் என்று கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்று எழுதி அனுப்பவும். அந்த வழக்கை முதல் பக்கத்திலிருந்து நானே படிக்கிறேன்.'